ஒன்பது மூலை ஏரியில் கிணற்று நீச்சல்

1

படகில் துடுப்புப் போட்டவர் ராம்சிங். அந்த ஏரியிலேயே படகு ஓட்டுகிறவர்.

பின்பலகையில் நான்.

தண்ணீரில் என் மனைவி சரசு.

கரையில் ராம்சிங்கின் கறுப்பு நாய்.

எங்கள் மகள் கவிதா வரவில்லை. டெல்லி வீட்டில் இருந்தாள். இருந்தாலும் அவளையும் சேர்க்க வேண்டும்.

என் சட்டைப் பையில் ஒரு படிவம். நனையாமல் இருக்கப் பால் கவரில் சுற்றி வைத்திருந்தேன். அதையும் சேர்க்க வேண்டும்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருடம் ஜூன் மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை. எங்களுக்குக் கல்யாணமாகி இருபது வருடம் முடிந்த வாரம்.

ஊரில் இருப்பவர்கள் டெல்லியைப் பற்றி எழுது என்கிறார்கள். செங்கோட்டைக்கு நான் ஒரு தடவைதான் போனேன், அதுவும் கோப்பு கொடுத்துவிட்டு வருகிற வழியில். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இதைத்தான் எழுத முடியும்.

2

எனக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம். எட்டாவது வரை படித்தேன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பியூனாகச் சேர்ந்து டெல்லி வந்து பதினெட்டு வருடம். இப்போது தப்தரி. கோப்புகளைத் தைப்பது, அடுக்குவது, கேட்டால் எடுத்துக் கொடுப்பது. ஆர்.கே.புரத்தில் ஓர் அறையும் சமையலறையும் உள்ள குவார்ட்டர்ஸ். துணி காயப்போட மாடிக்குப் போனால் மலை மந்திர் முருகன் கோயில் கோபுரம் தெரியும்.

கவிதாவுக்கு ஒரு வயது ஆனபோது ஊர்ப் பக்கம் மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தேன். எங்கள் அலுவலகத்துக்குக் கோயம்புத்தூரில் ஒரு கிளை இருக்கிறது. அங்கே இடம் காலியானால் வரிசைப்படி கொடுப்பார்கள். வரிசைக்கு ஒரு பதிவேடு. நான் எழுதிக் கொடுத்தபோது என் நம்பர் நாற்பத்தொன்று.

ஒவ்வொரு ஜனவரியிலும் புதுப் பட்டியல் ஒட்டுவார்கள். பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவேன். சரசு கதவைத் திறந்ததும் கேட்பாள்.

"நம்பர் எவ்வளவுங்க?"

சொல்வேன். அன்றைக்குக் கேசரி கிண்டுவாள். ஒரு வருடம் ஒன்றுகூடக் குறையவில்லை. அன்றைக்கும் கிண்டினாள்.

கவிதாவுக்குத் தமிழ் எண்கள் வந்தது இப்படித்தான். பள்ளிக்கூடத்தில் இந்தி, இங்கிலீஷ். தெருவில் இந்தி. தமிழில் எண்ணச் சொன்னால் முப்பத்தெட்டு, முப்பத்தஞ்சு, இருபத்தொம்பது என்று இறங்கிக்கொண்டே போவாள். ஏறுவது அவளுக்கு வராது.

அந்த ஜனவரியில் நம்பர் மூன்று. ஜூனில், ஒரு புதன்கிழமை, செக்‌ஷன் ஆபீசர் கூப்பிட்டார். எனக்கு முன்னால் இருந்தவர்களில் ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார். இன்னொருவர் வேண்டாம் என்றுவிட்டார். உன் முறை வந்துவிட்டது என்று படிவத்தைக் கொடுத்தார். அதில் இரண்டு கட்டம். சம்மதம், சம்மதமில்லை. ஒன்றில் டிக் போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்குள் கொடுக்க வேண்டும். சம்மதம் என்றால் பதினைந்து நாளில் கிளம்ப வேண்டும், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். சம்மதமில்லை என்றால் பெயர் வரிசையின் கடைசிக்குப் போகும்.

ஒரு வருடம் தள்ளிப்போட முடியுமா சாப் என்று இந்தியில் கேட்டேன்.

"இது என்ன ரயில் டிக்கெட்டா, தேதி மாற்றிக் கொடுக்க?" என்றார்.

ஒரு வருடம் கேட்டது கவிதாவுக்காக. பதினொன்று முடித்துப் பன்னிரண்டுக்கு வந்திருந்தாள். பன்னிரண்டில் வேறு பள்ளிக்கூடம் சேர்க்க மாட்டார்கள், போனால் பதினொன்றிலிருந்து திரும்பப் படிக்க வேண்டும் என்று அலுவலகத்தில் விசாரித்த இரண்டு பேரும் சொன்னார்கள்.

வீட்டில் சொல்லவில்லை. சரசுவிடம் சொன்னால் அன்றைக்கே சாமான்களை எடுத்துக் கட்டுவாள். கவிதாவிடம் சொன்னால் அவள் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். படிவம் என் சட்டைப் பையிலேயே கிடந்தது. சட்டை மாற்றினால் அதையும் மாற்றி வைத்துக்கொள்வேன்.

3

சரசு நீச்சல் பழகியது அவள் அப்பாவின் தோட்டத்துக் கிணற்றில். இடுப்பில் மிதப்புக்குச் சுரைப்புருடையைக் கட்டி அவள் அண்ணன் தள்ளிவிட்டானாம். மூன்றாம் நாள் புருடையை அவிழ்த்துவிட்டாள். பிறகு மோட்டார் ரூமின் மேலிருந்து குதிப்பாள். சுவரோரமாகச் சுற்றுவாள். மேலே அண்ணன் உட்கார்ந்து சுற்றை எண்ணுவான். எங்கள் ஊரில் ஆறும் இல்லை, கடலும் இல்லை. நீச்சல் என்றால் கிணறுதான். எனக்கு அதுவும் வராது. தண்ணீர் என்றால் எனக்கு இடுப்பளவு மட்டும்தான்.

டெல்லி வந்து பதினெட்டு வருடத்தில் அவள் ஒரு நாள்கூட நீந்தியதில்லை. வந்த புதிதில் பஸ்ஸில் யமுனைப் பாலம் தாண்டும்போது எட்டிப் பார்த்தாள். கறுப்புத் தண்ணீர், மேலே வெள்ளை நுரை.

"சாக்கடையா இது?" என்றாள்.

"ஆறு."

ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

பிறகு ஒரு கோடையில் பெண்களுக்குத் தனி நேரம் உள்ள நீச்சல் குளம் ஒன்று இருப்பதாகப் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் சொன்னார். விண்ணப்பம் வாங்கினேன். இரண்டு போட்டோ, டாக்டர் சான்றிதழ், நான் அரசு ஊழியர் என்பதற்கு அலுவலகக் கடிதம். கடிதம் கிடைக்கப் பன்னிரண்டு நாள். எல்லாம் கொடுத்த பிறகு கவுண்டரில் இருந்த பெண் நீச்சலுடை எங்கே என்றாள். சல்வாரோடு இறங்கக் கூடாது என்றாள். சரசு கண்ணாடி வழியாக உள்ளே இருந்தவர்களைப் பார்த்தாள்.

"அதப் போட்டுக்கிட்டு வெளிய வந்தா உங்க ஆபீசரு சம்சாரம் நிப்பாங்க. வாங்க போலாம்."

போட்டோவை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டோம்.

எங்கள் செக்‌ஷனில் பிஷ்ட் ஜி என்று ஒரு கிளார்க். குமாவோன் மலைக்காரர். பீம்தாலுக்கு மேலே ஒரு ஏரி, நௌகுச்சியாதால் என்று பெயர். ஒன்பது மூலை உள்ள ஏரி என்று அர்த்தமாம். அங்கே அவருடைய சித்தப்பா மகன் மூன்று அறை வைத்து வாடகைக்கு விடுகிறார். பல வருடமாகக் கூப்பிடுவார். எங்களுக்கு லீவு கிடைத்தால் ஊருக்குத்தான் போவோம். வேறு எங்கும் போனதில்லை. படிவம் வந்த புதன்கிழமை சாயந்தரம் நானாகப் போய் அவரிடம், இந்த வெள்ளிக்கிழமை போகலாமா என்று கேட்டேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை. மூன்று நாள் வீட்டில் இல்லாமல் இருந்தால் போதும் என்று இருந்தது.

டெல்லியை விட்டுப் போக அனுமதி வாங்க வேண்டும். அதற்கும் ஒரு தாள். காரணம் என்ற இடத்தில் என்ன எழுத என்று பிஷ்ட் ஜியைக் கேட்டேன்.

"என்ன செய்யப் போகிறாய்?"

"நடப்போம். என் வீட்டுக்காரி நீந்துவாள்."

"அப்படி எழுதினால் கையெழுத்துப் போட மாட்டார்கள்" என்று அவரே பேனாவை வாங்கிக் கோயில் என்று எழுதினார்.

4

வெள்ளி காலை ஆறு மணிக்கு ஆனந்த் விஹாரில் பஸ். கவிதாவுக்குக் கோச்சிங் இருந்தது. வரவில்லை என்றாள். பஞ்சாபி அம்மாளிடம் சொல்லிவிட்டு வந்தோம். ஹல்த்வானியில் இறங்கி ஜீப் ஏறி, சாயந்தரம் போய்ச் சேர்ந்தோம். பஸ்ஸில் ஒன்பது மணி நேரம் சரசு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை ஏரியைச் சுற்றி நடந்தோம். சரசு காலில் கவிதாவின் பழைய வெள்ளை ஸ்கூல் ஷூ. என் காலில் அலுவலகம் கொடுத்த கறுப்பு ஷூ. ஏரியை ஒட்டிக் கொஞ்ச தூரம் பாதை, பிறகு மேட்டில் ஏறும். ஓக் மரங்கள். கீழே பச்சைத் தண்ணீர். அறை கொடுத்த பிஷ்ட் ஜியின் சித்தப்பா மகன் சொல்லி அனுப்பியிருந்தார். ஒன்பது மூலையையும் ஒரே இடத்தில் நின்று பார்த்தவன் எவனும் இல்லையாம். பார்த்தால் அவனுக்கு மோட்சமாம்.

சரசு ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று எண்ணினாள். ஐந்து. கொஞ்சம் மேலே போனால் ஆறாவது தெரிந்தது. ஐந்தாவது மறைந்துவிட்டது.

"ஒண்ணு வந்தா ஒண்ணு போவுதுங்க."

"உனக்கு மோட்சம் வேணுமா?"

"எனக்கு வேண்டாம். உங்களுக்குப் பாக்கறேன். மூணு நாளா ஒரு மாதிரி இருக்கறீங்க."

நான் ஷூ கடிக்கிறது என்றேன். மேட்டின் உச்சி வரை போனோம். ஏழுதான் தெரிந்தது. ஒரு கல்லில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். அவள் கேசரியும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"கேசரி எதுக்கு?"

"கல்யாண நாளுக்கு."

கல்யாண நாளுக்கு அவள் எப்போதும் பாயசம்தான் வைப்பாள். அப்போது எனக்கு அது தோன்றவில்லை.

5

சாயந்தரம் குளிர்வதற்கு முன்னால் படகுத்துறைக்குப் போனோம். ஓரமாகக் குளிக்கலாம், தூரம் போகக் கூடாது, ஏரி ஆழம் என்று ராம்சிங் சொன்னார். அக்கா என்கிற மாதிரி சரசுவைத் தீதி என்றார். சரசு கவிதாவின் பழைய சுடிதார் போட்டிருந்தாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். கொண்டையை முடிந்தாள். ஓரத்தில் இறங்குவாள் என்று ராம்சிங் நினைத்தார். அவள் துறைப் பலகையின் கடைசி வரை நடந்து போய், மூக்கைப் பிடித்துக்கொண்டு, காலை மடக்கி, கிணற்றில் குதிப்பது போலக் குதித்தாள்.

"அரே தீதி!" என்று ராம்சிங் எழுந்துவிட்டார். நாய் குரைத்தது.

தலை வெளியே வர நேரமானது. எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. வந்தாள். வாயிலிருந்து தண்ணீரைத் துப்பினாள். நாற்பத்திரண்டு வயதில் அவள் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

நீந்தத் தொடங்கினாள். பத்துப் பன்னிரண்டு கை போட்டாள். பிறகு வலப்பக்கம் திரும்பினாள். இன்னும் பத்து. மறுபடி வலப்பக்கம். ராம்சிங் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"பாயி சாப், தீதி ஏதாவது தொலைத்துவிட்டாரா? அங்கேயே சுற்றிச் சுற்றித் தேடுகிறாரே."

அப்போதுதான் நானும் கவனித்தேன். ஏரி அவ்வளவு பெரிதாக இருக்க, அவள் ஒரு கிணறு அளவுக்கு வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பாவின் கிணறு எனக்குத் தெரியும். அதே அளவு.

கிணற்றில் கற்றவள் என்று சொன்னேன். கிணறு குடிக்கத்தானே என்றார். எங்கள் ஊரில் இப்படி என்றேன். அவருக்குப் புரியவில்லை.

கரையேறித் தலை துவட்டும்போது சரசுவிடம் கேட்டேன்.

"நேராப் போறதுதான?"

"நேராத்தான் போறேன். பத்து கை போட்டதும் செவுரு வந்துருச்சுன்னு கை தானாத் திரும்பிக்குதுங்க. கண்ணுக்குத் தெரியுது, அங்க ஒண்ணுமில்ல. கை கேக்க மாட்டேங்குது."

ராம்சிங்குக்கு இதை இந்தியில் சொன்னேன். அவர் யோசித்தார். காலையில் வாருங்கள், நான் படகை முன்னால் ஓட்டுகிறேன், தீதி படகைப் பார்த்துக்கொண்டே வரட்டும், அக்கரைக்கே போய்விடலாம் என்றார்.

6

ஞாயிறு காலை ஏழு மணி. தண்ணீர் மேல் புகை மாதிரி பனி. படகில் யார் யார் என்று முதலிலேயே எழுதிவிட்டேன்.

படகு மெதுவாகப் போனது. சரசு பின்னால் வந்தாள். நான் அவளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பத்து கை. திரும்பவில்லை. இருபது. படகையே பார்த்துக்கொண்டு வந்தாள். ராம்சிங் சிரித்தார். ஏரியின் நடுவுக்கு வந்திருப்போம். அவள் கை நீட்டிப் படகின் விளிம்பைப் பிடித்தாள். மூச்சு வாங்கினாள். பிறகு சொன்னாள்.

"ஏனுங்க. அந்தக் காயிதத்தக் கொண்டாந்திருக்கீங்களா?"

"எந்தக் காயிதம்?"

"பால் கவர்ல இருக்கறது. கவரக் கழுவிக் காயப்போடறவ நானு. ஒண்ணு கொறஞ்சுது."

என் சட்டைப் பையில் கை தானாகப் போய்விட்டது.

"வியாழக்கெழம நீங்க குளிக்கப் போனப்பப் பாத்தேன். கோயம்புத்தூருன்னு இங்கிலீசுல எழுதியிருந்தா எனக்குத் தெரியும். மிச்சத்தக் கவிதாகிட்டக் குடுத்துப் படிக்கச் சொன்னேன்."

"அவ படிச்சாளா?"

"படிச்சா. எப்புடி இருந்துதோ அதே மாதிரி மடிச்சுப் பையில வெச்சுட்டா."

"என்ன சொன்னா?"

"ராத்திரி சோறு வேண்டாம்னுட்டா."

வியாழன் ராத்திரி நான்கு சப்பாத்தி சாப்பிட்டது நான். மூன்று பேர் ஓர் அறையில் படுத்திருந்தோம். மூன்று பேருக்கும் தெரியும்.

"நீ ஏன் கேக்கல?"

"நீங்க ஏன் சொல்லல?"

ராம்சிங் துடுப்பை நிறுத்திவிட்டு என்ன என்று கேட்டார். வீட்டு விஷயம் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"போலாமா?" என்று கேட்டேன்.

சரசு அக்கரையைப் பார்த்தாள்.

"எங்கண்ணன் போன மாசம் போன்ல சொன்னது நெனவிருக்குதா? கெணத்த மூடிட்டான்."

நினைவு இருந்தது. இரண்டு வருடமாகத் தண்ணீர் இல்லை. இந்தியா பூராவும் போய் போர் போடுகிற வண்டிகள் எங்கள் ஊர் வண்டிகள். அவன் தோட்டத்தில் மூன்று இடத்தில் போட்டும் புகைதான் வந்தது. கிணற்றில் மண்ணைக் கொட்டி நிரப்பி அதன் மேல் விசைத்தறி ஷெட் போட்டுவிட்டான்.

"அங்க போனாத் தறி மேலதான் குதிக்கோணும்" என்றாள். சிரித்ததில் தண்ணீர் வாய்க்குள் போய் இருமினாள்.

"வெளையாடாத. போலாமா, வேண்டாமா?"

"பதினாறு வருசம் நம்பர் எவ்வளவுன்னு கேட்டவ நானு. இப்ப நீங்க என்னையக் கேக்காதீங்க. போலாம்னு சொன்னா அவ மூஞ்சியப் பாத்துட்டுக் கெடக்கோணும். வேண்டாம்னு சொன்னா உங்க மூஞ்சிய."

"என் மூஞ்சிக்கு என்ன?"

"படகுல இருந்து எட்டித் தண்ணியில பாருங்க. தெரியும்."

நான் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தாள். உதடு குளிரில் நீலம் பாய்ந்திருந்தது. ராம்சிங் அக்கரையைக் காட்டி, இன்னும் பாதிதான் தீதி என்றார். அவள் தலையை ஆட்டினாள். பிறகு இரண்டு காலையும் தூக்கிப் படகின் பக்கப் பலகையில் ஊன்றி, கிணற்றுச் சுவரை உதைக்கிற மாதிரி ஓர் உதை உதைத்தாள். படகு ஆடியது. அவள் புறப்பட்ட கரைக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள்.

ராம்சிங் என்னைப் பார்த்தார். படகைத் திருப்புங்கள் என்றேன்.

7

திரும்புகிற பஸ்ஸில் சரசு காஜியாபாத் தாண்டும்போது ஒன்று மட்டும் சொன்னாள்.

"என்னையக் கேட்ட மாதிரி அவளையும் ஒரு வாட்டி கேளுங்க."

திங்கள் காலை. கவிதா டீ போட்டுக் கொண்டுவந்தாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவளே கேட்டாள்.

"அப்பா, ஃபார்ம்ல டிக் போட்டாச்சா?"

"இல்ல."

"போட்டுருங்க. போலாம்."

"உன் டுவெல்த்?"

"லெவன்த்ல இருந்து படிச்சுக்கறேன். ஏக் சால் தானே பா. ஒரு வருஷம் போனாப் போவுது."

"உனக்கு அங்க ஆரையும் தெரியாது. தமிழ்ல எழுதவும் வராது."

"வருது" என்றாள். புத்தகப் பையிலிருந்து நாலு கோடு நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். சின்னப் பிள்ளைகள் எழுதிப் பழகுகிற நோட்டு. முதல் பக்கத்தில் அ, ஆ. அடுத்த பக்கத்தில் இ, ஈ. இந்தி எழுத்துக்கு மேலே போடுகிற கோட்டை இதற்கும் போட்டிருந்தாள். பிறகு தெரிந்து அழித்திருக்கிறாள். நாலாவது பக்கத்திலிருந்து கோடு இல்லை. வியாழனிலிருந்து எழுதியிருக்கிறாள். கடைசிப் பக்கத்தில் அவள் பெயர், என் பெயர், சரசு பெயர், கோயம்புத்தூர்.

கோயம்புத்தூரில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை.

அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கண் வீங்கியிருந்தது. சரசு அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள். நோட்டை மூடி அவளிடம் கொடுத்தேன். நன்றாக இருக்கிறது என்றேன். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

8

பதினொன்றே முக்காலுக்கு ஆபீசர் மேசையில் படிவத்தை வைத்தேன். பால் கவரிலிருந்து எடுத்தபோது ஒரு ஓரம் நனைந்திருந்தது. பேனா அவர் மேசையில் நூலில் கட்டியிருக்கும். அந்தப் பேனாவால் இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டேன். கையெழுத்துப் போட்டேன்.

அவர் படிவத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பக்கா?"

"பக்கா, சாப்."

"பதினாறு வருஷம் காத்திருந்துவிட்டு?"

"ஆமாம், சாப்."

பதிவேட்டை எடுக்கச் சொன்னார். அலமாரியிலிருந்து நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அதற்கு அட்டை போட்டுத் தைத்ததும் நான்தான். முதல் பக்கத்தில் என் பெயரைச் சிவப்பு மையால் அடித்தார். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, அங்கே எழுதினார். மை காய ஊதிவிட்டு என்னிடம் கொடுத்தார். திரும்ப அலமாரியில் வைத்தேன்.

பிஷ்ட் ஜி ஏரி எப்படி என்று கேட்டார். நன்றாக இருந்தது, ஏழு மூலை பார்த்தோம் என்றேன். அதுவே அதிகம் என்றார்.

சாயந்தரம் வீட்டுக்கு வந்தேன். சரசு கதவைத் திறந்தாள். உள்ளே கவிதா நோட்டும் பென்சிலுமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள். எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினாள்.

சரசு என் சட்டைப் பையைப் பார்த்தாள். பால் கவர் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்து உதறி மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். பிறகு ஜனவரியில் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"நம்பர் எவ்வளவுங்க?"

"அம்பத்தேழு."